முதியோர் இல்லத்துக்குப் போக எது நேரம்? படிக் கணக்குச் சண்டை

ஹட்டன்வாசி: "ரோட்டிலிருந்து வீட்டுக்கு 40 படி மூச்சிரைக்காம ஏறினா முதியோர் இல்லத்தைப் பத்தி யோசிக்கவே வேணாம்"னு ஒருத்தர் நேத்து தீர்ப்பு எழுதிட்டார். ஏறுறது நெஞ்சுக்குப் பரீட்சை. ஆளைச் சாய்க்கிறது இறக்கம். இறங்கும்போது ஒரு முழங்கால் முழு பாரத்தையும் தாங்கிக்கிட்டு மெதுவா மடங்கணும். தொடைத் தசை தளர்ந்தா அங்கதான் கால் விட்டுப்போகும். இதுல பாசி வேற, மழை வேற, கைப்பிடி கிடையாது. இடுப்பெலும்பு முறிஞ்ச பிறகு இல்லம் தேடினா, பெரும்பாலான இடங்கள்ல கதவு திறக்காது. தன் வேலையைத் தானே செய்றவரைத்தான் சேர்ப்பாங்க.

பதுளை மாமா: அந்த "ஒருத்தர்" நான்தான். பேரைச் சொன்னா வாய் சுளுக்கிடுமோ? 40 படி ஏறினவர் இறங்காம மேலேயேவா குடியிருக்கார்?

ஹட்டன்வாசி: கைப்பிடி தொடாம, ஒரே படியில ரெண்டு காலையும் சேர்க்காம 10 படி இறங்கச் சொல்லுங்க, தெரியும். அப்புறம் கையை நெஞ்சில கட்டிக்கிட்டு நாற்காலியிலிருந்து 30 வினாடியில எத்தனை தடவை எழும்புறார்னு எண்ணுங்க. 70இலிருந்து 74 வயசு வரைக்கும் ஆம்பளை 12க்குக் கீழே, பொம்பளை 10க்குக் கீழேன்னா விழற ஆபத்து இருக்கு. இடம் பார்க்கத் தொடங்கற நேரம் அதுதான்.

லிந்துலைக்காரி: படியை விடுங்கண்ணே. இல்லத்துல கட்டுற வைப்புப் பணத்துல எவ்வளவு திரும்பும், மாதக் கட்டணம் எப்படி ஏறும், படுத்த படுக்கையானா வச்சிருப்பாங்களா, இதெல்லாம் கையெழுத்துக்கு முன்னாடி எழுத்துல வாங்கணும். ஒரு மாசம் தங்கிப் பார்க்கிறவரை வீட்டை விற்கக் கூடாது.

பதுளை மாமா: 40 படி! ஊழியர் சேமலாப நிதி 60லதான் கிடைக்கும்னு போன மாசம் அடிச்சுப் பேசினவர் எனக்குப் பாடம் எடுக்கிறார்.

ஹட்டன்வாசி: சேமலாப நிதி ஆம்பளைக்கு 55, பொம்பளைக்கு 50. நான் 60ன்னது முதியோர் அடையாள அட்டைக்கு. வாசிக்காமலே சண்டைக்கு வர்றது உங்க பரம்பரைச் சொத்து. இறக்கத்துக்குப் பதில் எங்கே?

கண்டிக்காரன்: நுவரெலியா ஏறக்குறைய 1,870 மீற்றர். குளிர்ல ரத்த அழுத்தம் ஏறும். கண்டி 500 மீற்றர்தான். தேசிய வைத்தியசாலையும் பேராதனை வைத்தியசாலையும் பக்கம். இங்க வாங்க.

பதுளை மாமா: கண்டி டிராஃபிக்ல 1990ன்னு நம்பருக்குக் கூப்பிட்ட அம்புலன்ஸ் வந்து சேர்றதுக்குள்ள நான் 40 படியை நாலு தரம் ஏறிடுவேன்.

ஹட்டன்வாசி: ஏறுவீங்க. இறங்குவீங்களா?

லிந்துலைக்காரி: வைப்புப் பணத்தைப் பத்தி யாராவது...

பதுளை மாமா: அதுக்குத் தனியா பதிவு போடுங்க தங்கச்சி. இங்க பேசுறது படி.