கையளவு கான்விக்ட் மீன் ஜோடி பெரிய ஆஸ்கர் மீனை மூலையில் முடக்கிவிட்டது, என்ன செய்வது?

நான்கடித்தொட்டி:

வணக்கம். என் மீன் தொட்டி 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். கணக்குப் போட்டால் 255 லிட்டர், மணலும் கல்லும் போக ஏறக்குறைய 220 லிட்டர் தண்ணீர் இருக்கும். உள்ளே 8 அங்குல ஆஸ்கர் ஒன்று, 5 அங்குல ஜாக் டெம்ப்சி ஒன்று, ஒரு கான்விக்ட் ஜோடி. நான்கையும் குட்டியிலிருந்தே சேர்த்து வளர்க்கிறேன். ஒன்றரை வருடம் சின்னச் சின்னத் துரத்தலைத் தவிர எதுவும் நடக்கவில்லை.

12 நாட்களுக்கு முன்னால் இடது ஓரத்தில் கிடக்கும் மண்பானைக்குள் கான்விக்ட் முட்டையிட்டது. மூன்றாம் நாள் பொரித்தது. இப்போது குஞ்சுகள் சின்னப் புகை மாதிரி கூட்டமாக நீந்துகின்றன. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த இரண்டும் தொட்டியில் முக்கால் பங்கை எடுத்துக்கொண்டுவிட்டன. ஆஸ்கர் வலது மூலையில், ஹீட்டருக்குப் பக்கத்தில், தலையைக் கீழே சாய்த்தபடி அசையாமல் நிற்கிறது. வால் துடுப்பு கிழிந்திருக்கிறது. நான்கு நாட்களாகச் சாப்பிடவில்லை. டெம்ப்சி ஃபில்டர் குழாய்க்குப் பின்னால் ஒளிந்தே கிடக்கிறது, அதன் நீலப் புள்ளிகள் மங்கி உடம்பே வெளுத்துவிட்டது.

நான் தொட்டிப் பக்கம் போனாலே ஆஸ்கர் ஓடிவந்து கையிலிருந்து பெல்லட் (உருண்டைத் தீனி) வாங்கும். இப்போது திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. மனசு கேட்கவில்லை.

இவ்வளவு பெரிய மீன் ஏன் திருப்பி அடிக்கவில்லை? குஞ்சுகள் வளரும்வரை காத்திருந்தால் சரியாகிவிடுமா? இன்னும் சில மீன்களை விட்டால் அடி பரவலாகிவிடும் என்று ஒருவர் சொன்னார், செய்யலாமா?

பாறைமீன்:

என்னிடம் இதே அளவு தொட்டியில் இருபது ம்பூனா (ஆப்பிரிக்க ஏரிப் பாறைமீன்கள்) இருக்கின்றன. வேண்டுமென்றேதான் நெருக்கமாக வைத்திருக்கிறேன். ஒரு ஆணுக்கு மூன்று பெண் என்று விட்டால், முரட்டு ஆண் ஒரே மீனைப் பிடித்துக் கொல்லாது, துரத்தல் எல்லார்மீதும் பிரிந்துவிடும். நீங்களும் ஐந்தாறு மீன்களைச் சேர்த்துப் பாருங்கள். கற்களை இடம் மாற்றி வையுங்கள், பழைய எல்லை மறந்துபோகும்.

கூழாங்கல்:

தம்பி, முதலில் இன்று ராத்திரிக்குள் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். துளையுள்ள பிளாஸ்டிக் தடுப்பு ஒன்றைத் தொட்டியின் குறுக்கே நிறுத்துங்கள். ஜோடியும் பானையும் ஒரு பக்கம், ஆஸ்கரும் டெம்ப்சியும் மறுபக்கம். பெரியவற்றுக்குக் குறைந்தது இரண்டரை அடி கிடைக்கட்டும். தடுப்பின் அடி மணலுக்குள் நன்றாகப் புதைந்திருக்க வேண்டும், கான்விக்ட் தோண்டிக்கொண்டு அந்தப் பக்கம் வந்துவிடும். தண்ணீர் இரண்டு பக்கமும் ஓடுகிறதா என்று பாருங்கள். ஃபில்டர் ஒரு பக்கம் மாட்டிக்கொண்டால் மறுபக்கம் ஏர் பம்ப் வையுங்கள். குஞ்சுகள் சில துளை வழியாகப் போய் ஆஸ்கர் வாயில் விழும். அதைத் தடுக்க முடியாது.

பெரிய மீன் ஏன் அடிக்கவில்லை என்று கேட்டீர்கள். ஆஸ்கருக்கு அந்த இடத்தில் காப்பாற்ற எதுவும் இல்லை. கான்விக்ட்டுக்குக் குஞ்சு இருக்கிறது. தாய், தகப்பன் இரண்டும் சேர்ந்து காவல் நிற்கும் இனம் அது. ஒன்று முன்னால் வந்து அடிக்கும்போது மற்றது குஞ்சைச் சுற்றிக்கொள்ளும், பிறகு முறை மாறும். அவற்றின் கண்ணுக்கு அந்தத் தொட்டியில் நீந்தும் எல்லாமே குஞ்சு தின்னி. அது உண்மையும்கூட. ஆற்றில் என்றால் ஆஸ்கர் இரண்டு வால் வீச்சில் தூரமாகப் போய்விடும், சண்டை அதோடு முடியும். நான்கு அடிக் கண்ணாடிக்குள் அது எங்கே போகும்? போய்விட்டது என்று கான்விக்ட்டும் எப்படி நம்பும்? அதனால்தான் அடி நிற்பதில்லை.

அடுத்து, பாறைமீன் சொன்னதை இங்கே செய்ய வேண்டாம். அவருடைய மீன்களுக்கு அது சரியான வழி. ம்பூனா மலாவி ஏரியின் பாறைகளில் கும்பல் கும்பலாக நெருங்கி வாழ்பவை. பெண் மீன் முட்டையை வாய்க்குள் வைத்து ஏறக்குறைய மூன்று வாரம் சுமக்கும், தரையில் காவல் காக்கும் ஜோடி என்று ஒன்று அங்கே கிடையாது. கான்விக்ட் மத்திய அமெரிக்க மீன், கல்லிலும் பொந்திலும் முட்டை ஒட்டி வைத்துக் காப்பது. கூட்டம் கூடினால் அதற்கு எதிரிகள் கூடுகிறார்கள், அவ்வளவுதான். தவிர, ஆஸ்கர் ஒன்றே ஏராளமாகக் கழிவு போடும். 220 லிட்டரில் இன்னும் ஐந்தாறு மீன் விட்டால் கழிவிலிருந்து சேரும் நைட்ரேட் ஏறி எல்லாமே சீக்காகும்.

குஞ்சு வளரும்வரை காத்திருக்கலாமா என்ற கேள்விக்கு என் கதையைத்தான் சொல்ல வேண்டும். நான் காத்திருந்தேன். அப்போது என்னிடம் 7 அங்குல டெம்ப்சி ஒன்று இருந்தது, அதோடு ஒரு கான்விக்ட் ஜோடி. இதேபோல் குஞ்சு வந்தது, இதேபோல் டெம்ப்சி வெளுத்து ஓரமாக நின்றது. மூன்று வாரம்தானே, குஞ்சு பெரிதானதும் விட்டுவிடும் என்று நினைத்தேன். மூன்றாம் வாரம் அடி கொஞ்சம் குறையவும் செய்தது. ஆனால் கான்விக்ட் நன்றாகத் தின்று கொழுத்திருந்தால் சில வாரத்திலேயே மறுபடி முட்டையிடும். இட்டது. அன்று ராத்திரி டெம்ப்சி தண்ணீர் மேல்மட்டத்தில் பக்கவாட்டில் சாய்ந்து நிற்பதைப் பார்த்தேன். இருட்டில் அமைதியாக இருக்கட்டும் என்று விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தேன். காலையில் பானைக்குப் பின்னால் செத்துக் கிடந்தது. ஒரு பக்கக் கண் இல்லை. ஒரு பிளாஸ்டிக் வாளியும் ஸ்பாஞ்ச் ஃபில்டரும் வீட்டிலேயே இருந்தன, அன்று ராத்திரி அதில் மாற்றியிருந்தால் பிழைத்திருக்கும். எட்டு வருடம் ஆகிறது, இன்னும் எனக்கு அது ஆறவில்லை. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

தடுப்பு நிரந்தரத் தீர்வு இல்லை. ஜோடிக்கு இரண்டரை அல்லது மூன்றடித் தொட்டி தனியாக ஏற்பாடு செய்யுங்கள். அதுவரை ஒரு நாள் விட்டு ஒரு நாள் கால் பங்கு தண்ணீர் மாற்றுங்கள். ஹீட்டர் 28 டிகிரியில் இருந்தால் 25க்கு மெதுவாக இறக்குங்கள், சூடு கூடினால் இந்த இனத்துக்கு முட்டையிடும் வேகமும் முரட்டுத்தனமும் கூடும். கிழிந்த வாலுக்கு மருந்து எதுவும் இப்போது வேண்டாம், சுத்தமான தண்ணீரில் தானாக வளரும். பஞ்சு மாதிரி வெள்ளையாகப் படிந்தால் மட்டும் தனியாக எடுத்து வைத்தியம் பாருங்கள். சாப்பாட்டுக்குப் பயப்படாதீர்கள், சதைப்பிடிப்பான ஆஸ்கர் ஒரு வாரப் பட்டினியைத் தாங்கும். போட்ட தீனியைத் தொடவில்லை என்றால் உடனே எடுத்துவிடுங்கள்.

பாறைமீன்:

சரிதான், ஜோடி காவல் இருப்பதை நான் யோசிக்காமல் சொல்லிவிட்டேன். கூட்டமாக வைக்கும் முறைகூட எனக்கு எல்லாவற்றையும் குட்டியில் ஒன்றாக விட்டதால்தான் பலித்தது. வளர்ந்த ஆராட்டஸ் (அதுவும் ஒரு ம்பூனா) ஆண் ஒன்றைப் பிறகு சேர்த்து இரண்டு நல்ல மீன்களை இழந்தேன். கற்களை மாற்றும் விஷயம் மட்டும் உங்களுக்கும் உதவும். ஜோடியை வெளியே எடுத்த அன்றே மாற்றிவிடுங்கள்.

நான்கடித்தொட்டி:

அண்ணா, ராத்திரியே தடுப்பு வைத்துவிட்டேன். முதல் நாள் கான்விக்ட் ஆண் தடுப்பை முட்டிக்கொண்டே இருந்தது. இரண்டாம் நாள் ஆஸ்கர் மூலையை விட்டு வந்து ஒரே ஒரு பெல்லட்டை எடுத்தது, துப்பியது, மறுபடி எடுத்து விழுங்கியது. இன்று ஆறாம் நாள், டெம்ப்சியின் கன்னத்தில் நீலம் திரும்பத் தெரிகிறது. மூன்றடித் தொட்டி தயார். இருக்கிற ஃபில்டரிலிருந்து பாதி ஸ்பாஞ்சை அதில் போட்டு ஓட விட்டிருக்கிறேன், ஜோடி அடுத்த வாரம் அங்கே போகிறது. ஆஸ்கரும் டெம்ப்சியும் இதே தொட்டியில் தொடரலாமா? பானையை எந்தப் பக்கம் வைப்பது?

கூழாங்கல்:

ரொம்ப சந்தோஷம் தம்பி. ஸ்பாஞ்ச் மாற்றியதும் நல்ல காரியம், கழிவை உடைக்கும் பாக்டீரியா அதோடு போகும், ஆனாலும் புதுத் தொட்டியில் கழிவிலிருந்து வரும் நச்சான அமோனியாவைச் சோதித்துவிட்டு மீனை விடுங்கள். ஆஸ்கர், டெம்ப்சி இரண்டும் இப்போதைக்கு ஒன்றாக இருக்கலாம். ஆனால் ஆஸ்கர் ஓர் அடி வரை வளரும், டெம்ப்சி 8 அங்குலத்துக்கு வரும். அப்போது ஒன்றரை அடி அகலத்தில் ஆஸ்கர் திரும்புவதே சிரமம். அதற்குள் 6 அடிக்கு 2 அடிக்கு 2 அடி, அதாவது 680 லிட்டர் தொட்டிக்குத் திட்டமிடுங்கள். முடியாவிட்டால் இரண்டில் ஒன்றை நல்ல கைக்குக் கொடுத்துவிடலாம்.

பானை வேண்டாம், அதை ஜோடியோடு அனுப்பிவிடுங்கள். வழவழப்பான பெரிய கற்களை இரண்டு குவியலாக வையுங்கள், ஒரு குவியலுக்குப் பின்னால் நின்றால் மறுபக்க மீன் கண்ணில் படக்கூடாது. கற்களை முதலில் கண்ணாடி அடித்தளத்தில் ஒரு மெல்லிய விரிப்பின்மேல் உட்கார வைத்துவிட்டுப் பிறகு மணலைக் கொட்டுங்கள். மணல்மேல் வைத்தால் ஆஸ்கர் அடியில் தோண்டிச் சரித்துவிடும்.