மதிப்பீட்டாளர் ஏணி கொண்டுவந்தாரா? வி.ஏ. கடனும் வீட்டு ஆய்வும்

கில்லீன்காரன்:
"வி.ஏ. (அமெரிக்க முன்னாள் படைவீரர் துறை) உத்தரவாதம் தரும் கடனில் வீடு வாங்குபவருக்குத் தனியாக வீட்டு இன்ஸ்பெக்‌ஷன் எதற்கு? அப்ரைசலுக்கு (விலை மதிப்பீட்டுக்கு) வருபவரே கூரை முதல் கரையான் வரை பார்த்துவிடுகிறார்" என்று 'நார்ஃபோக் மாலுமி' நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. முதல் வீடு வாங்கும் இளம் சிப்பாய் யாராவது இதை நம்பிச் சில நூறு டாலரை மிச்சம் பிடித்தால், பிறகு அவர்தான் ஆயிரக்கணக்கில் அழ வேண்டியிருக்கும். நான் அப்படிப் பட்டு அனுபவித்தவன். டெக்சாஸின் கில்லீனில் என் வீட்டுக்கு வந்த மதிப்பீட்டாளர் வாசலில் நின்று கூரையை நிமிர்ந்து பார்த்தார், நான்கு பக்கமும் படம் எடுத்தார், புறப்பட்டுவிட்டார். ஏணி என்ற ஒன்று அவர் வண்டியிலேயே இல்லை. நான் குடிபோன பிறகு பெய்த முதல் மழையில் படுக்கையறை உட்கூரையில் தேநீர் சிந்தியது போல ஒரு கறை தெரிந்தது, மறுநாள் காலையில் அது சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு விரிந்திருந்தது.

நார்ஃபோக் மாலுமி:
ஐயா, உங்களுக்கு வந்தவர் வேலையை ஒழுங்காகச் செய்யவில்லை என்பதற்காக முறையையே குறை சொல்லாதீர்கள். வங்கி தனக்கு வேண்டியவரை அனுப்ப முடியாது, வி.ஏ. தன் பட்டியலிலிருந்து தானே ஒருவரை நியமிக்கிறது. வீடு பாதுகாப்பாக, உறுதியாக, சுகாதாரமாக இருக்கிறதா என்று அவர் பார்த்தே ஆக வேண்டும். குழாய்கள் உள்ள பகுதியில் 50 டிகிரி ஃபாரன்ஹீட் வெப்பத்தைத் தாங்கிப்பிடிக்கும் சூடேற்றி வேண்டும், 1978க்கு முன் கட்டிய வீட்டில் வண்ணப்பூச்சு உரிந்திருந்தால் சரிசெய்ய வேண்டும். எங்கள் வீட்டுக்கு வந்தவர் ஏணி போட்டுக் கூரையில் ஏறியதை என் கண்ணாலேயே பார்த்தேன்.

கில்லீன்காரன்:
ஏறியிருக்கலாம். அது அவருடைய நல்ல மனது, அவருக்கு இடப்பட்ட கட்டளை அல்ல. அவர் ஏணி போட்டே தீர வேண்டும் என்று விதி எங்கே இருக்கிறது என்று காட்டுங்கள். அரசு உத்தரவாதம் தருவது கடனுக்கு, வீட்டுக்கு அல்ல. இந்த ஒரு வரியைப் புரிந்துகொள்ளாமல் எத்தனை குடும்பங்கள் கையெழுத்துப் போடுகின்றன என்று நினைத்தால் வயிறு எரிகிறது. மதிப்பீட்டாளர் விலை தகுமா என்றும், கண்ணுக்குத் தெரியும் குறைகள் உண்டா என்றும் பார்க்கிறார். மண்ணுக்கடியில் போகும் கழிவுக்குழாய்க்குள் கேமரா விடுவது அவர் வேலை அல்ல. வீட்டு ஆய்வு கட்டாயமில்லை என்று சொல்லும் அதே வி.ஏ.தான், அதைச் செய்துகொள்ளும்படி வற்புறுத்தியும் சொல்கிறது. அவர் போடும் மதிப்பு வாங்கும் விலைக்குக் கீழே வந்தால் ஒப்பந்தத்திலுள்ள விலகும் பிரிவு உங்கள் முன்பணத்தைக் காப்பாற்றும். ஒழுகும் கூரைக்காக அந்தப் பிரிவைக் காட்டி முன்பணத்தைத் திரும்பக் கேட்க முடியாது.

ஃபேயட்வில் மருமகள்:
கரையான் சோதனையும் மதிப்பீட்டில் சேர்ந்ததா? எங்கள் முகவர் அது தனி அறிக்கை என்கிறார். இன்னொன்று, வி.ஏ. கடன் என்றாலே விற்பவர் முகம் சுளிப்பதால் ஆய்வு நிபந்தனையை (ஆய்வில் குறை தெரிந்தால் விலகலாம் என்பதை) ஒப்பந்தத்திலிருந்து எடுத்துவிடலாம் என்றும் அவரே சொல்கிறார்.

கில்லீன்காரன்:
தனி அறிக்கைதான் அம்மா. கரையான் மிகுந்த பல மாநிலங்களில் அதை வி.ஏ. கேட்கிறது. ஆய்வு நிபந்தனையை விடச் சொல்லும் முகவர் யாருக்காக வேலை செய்கிறார் என்று யோசியுங்கள்.

சாவி கொடுப்பவன்:
நான் வீட்டு முகவர். எங்கள் எல்லோரையும் ஒரே கோலால் அடிப்பது முறையல்ல. இங்கே டெக்சாஸில் சில நாள்களுக்கு விலகும் உரிமைக்கென்று சிறு கட்டணம் பேசி, அந்த நாள்களுக்குள் ஆய்வை முடிக்கும்படி நானே என் வாடிக்கையாளர்களைத் துரத்துகிறேன்.

நார்ஃபோக் மாலுமி:
முகவர்களும் வந்துவிட்டார்கள், நல்லது. கில்லீன்காரரே, நான் கடற்படையில் 20 ஆண்டுகள் இருந்து, இரண்டு வீடுகளை இந்தக் கடனில்தான் வாங்கினேன், இரண்டும் ஒழுகவில்லை. மாவ்னி திட்டத்தில் (தேவையான திறன் உள்ள வெளிநாட்டவரைப் படையில் சேர்த்த திட்டம்) வந்து சில ஆண்டுகளே இருந்துவிட்டுப் போனவர் எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம்.

கில்லீன்காரன்:
ஆம், மாவ்னி வழியாகத்தான் வந்தேன். படைக்குத் தேவையான மொழிகளின் பட்டியலில் தமிழும் இருந்ததால் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள், அதில் எனக்குப் பெருமைதான். 1944இல் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட சட்டத்திலிருந்து வந்த இந்த உரிமை உங்களுக்கு எவ்வளவோ அவ்வளவே எனக்கும் உண்டு. சென்ற ஆண்டு வட்டி விகித விவாதத்திலும் இதே போல என் சேவையைத்தான் இழுத்தீர்கள், நான் மறக்கவில்லை. கேள்விக்கு வாருங்கள்: ஏணி விதி எங்கே?

நார்ஃபோக் மாலுமி:
அவர் ஏறினார். நான் பார்த்தேன்.

கில்லீன்காரன்:
நீங்கள் பார்த்ததை நான் கேட்கவில்லை. விதியைக் கேட்டேன்.

ஃபேயட்வில் மருமகள்:
வெள்ளிக்கிழமைக்குள் நாங்கள் கையெழுத்திட வேண்டும். கழிவுக்குழாய்க்குக் கேமரா விட எவ்வளவு கேட்பார்கள் என்று யாராவது சொல்லுங்களேன்.

நார்ஃபோக் மாலுமி:
அந்த ஏணி அலுமினிய ஏணி, படம்கூட என்னிடம் இருக்கிறது. இரவு வீட்டுக்குப் போனதும் போடுகிறேன்.