ஜவுளிக்கடையில் எல்லாரையும் சமமாக நடத்த எங்கிருந்து தொடங்குவது?

இரண்டாம் தலைமுறை:
வணக்கம். கரூர் பக்கம் எங்களுக்கு ஒரு ஜவுளிக்கடை இருக்கிறது. மூன்று மாடி, ஐம்பதுக்குக் கொஞ்சம் குறைவான ஆட்கள், முக்கால்வாசி பெண்கள். அப்பாவுக்கு உடம்பு முடியாததால் இப்போது நான்தான் பார்க்கிறேன். பெண்கள் யாரும் நிலைத்து நிற்பதில்லை, ஒரு தீபாவளி பார்த்தவர் அடுத்த தீபாவளிக்கு இருப்பதில்லை. ஒரு பயிற்சி நிறுவனம் அரை நாள் வகுப்பு எடுத்து, சுவரில் ஒட்ட சமத்துவ போஸ்டரும் தருகிறோம் என்கிறது. எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஊழியர்களிடமே கேட்டால் "ஒரு குறையும் இல்லண்ணா" என்று சிரித்துவிட்டுப் போகிறார்கள். எங்கே ஆரம்பிக்கலாம்?

பட்டுப் பிரிவு:
முதலாளி கேட்டால் யார் குறை சொல்வார்கள், பக்கத்திலேயே சூப்பர்வைசர் நிற்பாரே. கல்யாணம் ஆகும்வரை நான் ஒரு பெரிய கடையில் பட்டுப் பிரிவில் இருந்தேன். காலையில் நின்றால் இரவு கடை சாத்தும்வரை நிற்க வேண்டும். சாப்பாட்டுக்கு இருபது நிமிடம், மாடி ஏறி இறங்குவதும் அதில் சேர்த்தி. ரேக்கில் லேசாகச் சாய்ந்தால்கூட கேமராவில் பார்த்துவிட்டு இன்டர்காமில் கூப்பிடுவார்கள். கழிப்பறை மொட்டை மாடியில், போவதென்றால் சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும், அவரோ ஆண், அதனால் பாதிப் பேர் தண்ணீரே குடிக்க மாட்டோம். நீர்க்கடுப்பு வந்து லீவு போட்டால் அன்றைய சம்பளமும் போச்சு. காலில் நரம்பு சுருட்டிக்கொண்டு, ராத்திரி எண்ணெய் தேய்த்துவிட்டுப் படுக்கும் அக்காக்கள் எங்கள் ஹாஸ்டலில் எத்தனையோ பேர். முதலில் உங்கள் கடையில் பெண்கள் கழிப்பறைக்குப் போகும் வழியில் நீங்களே நடந்து பாருங்கள். எத்தனை படி, தாழ்ப்பாள் விழுகிறதா, தண்ணீர் வருகிறதா, நாப்கின் போட மூடி வைத்த தொட்டி இருக்கிறதா. போஸ்டர் அப்புறம்.

ரிஜிஸ்டர் ரங்கன்:
சட்டப் பக்கத்தை நான் சொல்லிவிடுகிறேன். 2021-ல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் திருத்தம் வந்து, எல்லா ஊழியருக்கும் இருக்கை வசதி கட்டாயமாகிவிட்டது, வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார்ந்துகொள்ளலாம். கேரளத்தில் இது 2018-லேயே வந்தது. கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் கடைப் பெண்களைத் திரட்டிய விஜியும் அவருடைய பெண்கூட்டு அமைப்பும் விடாமல் கேட்டதன் பலன் அது. அவர்கள் போராடத் தொடங்கியதும் கழிப்பறை வசதி கேட்டுத்தான்.

அடுத்து, பத்துப் பேர் வேலை பார்த்தாலே 2013 சட்டப்படி பாலியல் தொல்லைப் புகார்களுக்கு உள்ளகக் குழு வேண்டும், விசாகா கமிட்டி என்பார்களே, அதுதான். பல கடைகளில் முதலாளி வீட்டம்மா பெயரைத் தலைவர் என்று எழுதி ஃபைலில் வைத்திருப்பார்கள். சட்டம் கேட்பது மூத்த பெண் ஊழியர் ஒருவரை. உறுப்பினர்களில் பாதிக்குக் குறையாமல் பெண்கள், வெளியிலிருந்து ஒருவர். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் புகார் தரலாம், 90 நாளில் விசாரணை முடிய வேண்டும். கையோடு சம்பளப் பதிவேட்டையும் பாருங்கள். ஒரே வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சம்பளம் என்று 1976-லேயே சட்டம் போட்டாயிற்று. பேன்ட் பிரிவுப் பையனுக்கும் சுடிதார் பிரிவுப் பெண்ணுக்கும் என்ன வித்தியாசம் வைத்திருக்கிறீர்கள்?

கடைவீதி அண்ணாச்சி:
எழுதுவது சுலபம் தம்பி. சட்டம் வந்ததும் நானும் ஸ்டூல் வாங்கிப் போட்டேன், ஒருத்தரும் உட்காரவில்லை, இப்போது அதில் அட்டைப்பெட்டிதான் உட்கார்ந்திருக்கிறது. வாடிக்கையாளர் உள்ளே வரும்போது பிள்ளைகள் உட்கார்ந்திருந்தால் மரியாதை தெரியாத கடை என்று அடுத்த கடைக்குப் போய்விடுவார். வாடகை அவரா கட்டுவார்?

பட்டுப் பிரிவு:
அண்ணாச்சி, முதலில் உட்காருகிறவளுக்குத்தான் திட்டு விழும் என்று எல்லாருக்கும் தெரியும், பிறகு யார் உட்காருவார்கள்? மதியம் கூட்டமில்லாத நேரத்தில் பிரிவுக்குப் பாதிப் பேர் மாற்றி மாற்றி உட்காரட்டும் என்று சூப்பர்வைசர் வாயாலேயே சொல்ல வையுங்கள். ஸ்டூலை கவுண்டருக்குப் பின்னால் போடுங்கள், வாசலைப் பார்த்து வேண்டாம். பழைய பட்டுக்கடைகளில் பாய் விரித்து, விற்பவரும் வாங்குபவரும் உட்கார்ந்துதானே புடவை பார்த்தார்கள், அப்போது யாருக்கு மரியாதை குறைந்தது?

பேக்கிங் தம்பி:
எங்கள் அக்காவுக்குக் காது கேட்காது, ஒரு துணிக்கடையில் பேக்கிங்கில் இருக்கிறார். மாற்றுத்திறனாளிக்கு வேலை தந்திருக்கிறோம் என்று முதலாளி மேடையில் பேசுகிறார், நல்லதுதான். ஆனால் அக்காவுக்குப் பின்னால் சேர்ந்தவர்களெல்லாம் பில்லிங்குக்குப் போய்விட்டார்கள், கணக்கு அக்காவுக்குத்தான் நன்றாக வரும். காலைக் கூட்டத்தில் எல்லாம் மைக்கில் சொல்வார்கள். லீவு மாறியதோ போனஸ் தேதியோ அவருக்குக் கடைசியில்தான் தெரியும், சில சமயம் சம்பளம் பிடித்த பிறகு. அதையே வாட்ஸ்அப் குரூப்பில் தமிழில் இரண்டு வரி போட என்ன செலவு?

இன்னொன்று, ஆள் சேர்ப்பது யார் மூலம்? ஒரே சூப்பர்வைசர் தன் ஊர், தன் சொந்தம் என்று கூட்டி வந்திருந்தால், வெளியிலிருந்து வந்தவளிடம் "ஊரில் எந்தத் தெரு" என்று கேட்பார்கள். அது எதற்கான கேள்வி என்று நம் எல்லாருக்கும் தெரியும். சாப்பாட்டு நேரத்தில் யார் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு தனியாகப் போகிறார்கள் என்று கவனியுங்கள்.

இரண்டாம் தலைமுறை:
நன்றி அக்கா, மற்றவர்களுக்கும். பயிற்சிக்குக் கேட்ட பணத்தில் இரண்டாம் மாடியில் கழிப்பறை கட்டிவிடலாம் போலிருக்கிறது, கொத்தனாரை வரச் சொல்லியிருக்கிறேன். ரங்கன் சார், குழுவுக்கு வெளி ஆள் எங்கே தேடுவது? எங்கள் ஆடிட்டர் வருகிறேன் என்கிறார்.

ரிஜிஸ்டர் ரங்கன்:
ஆடிட்டர் வேண்டாம், அவர் உங்கள் ஆள். பெண்களுக்காக வேலை செய்யும் தொண்டு நிறுவனத்தில் இருப்பவரோ இந்த மாதிரிப் புகார்களில் அனுபவம் உள்ளவரோ வேண்டும். மாவட்ட சமூக நல அலுவலகத்தில் விசாரித்துப் பாருங்கள். குழுவில் யார் யார் என்று சாப்பாட்டு அறையில் எழுதி ஒட்டுங்கள், போன் நம்பரோடு.