மயில் தேசியப் பறவையாகவே இருக்கட்டும், ஆனால் முதல் அட்டவணையில் வைக்கணுமா?

மானாவாரி:
தாராபுரம் பக்கம் நாலு ஏக்கர் கடலை போட்டிருந்தேன். விதைத்து ஒரு வாரம் கூட ஆகவில்லை, காலையில் போய்ப் பார்த்தால் கிழக்குக் கரையோரம் சால் சாலாகக் கிளறிக் கிடக்கிறது, முளைவிட்ட பருப்பு ஒன்றுகூட மிச்சமில்லை. பதினெட்டு மயில் எண்ணினேன். வெடி போட்டால் பறந்துபோய் வேலிக் கருவேலத்தில் உட்கார்ந்து, நான் சாப்பிடப் போன நேரம் பார்த்துத் திரும்பி வருகின்றன. நிவாரணம் கேட்டுப் போன இடத்தில் மயிலுக்கெல்லாம் கிடையாது என்றார்கள். 1963-ல் தேசியப் பறவையாக அறிவித்த காலத்தில் எங்கள் ஊரில் மயிலைப் பார்க்க மலையடிவாரம் வரை போகணும் என்று அப்பா சொல்வார். இன்றைக்கு அது கிணற்று மேட்டில் நிற்கிறது. வனவிலங்குச் சட்டத்தில் புலிக்கு இருக்கிற அதே முதல் அட்டவணைப் பாதுகாப்பு இதற்கும் வேண்டுமா?

வேலன்துணை:
அண்ணா, உங்கள் நஷ்டம் புரிகிறது. ஆனாலும் மயிலைத் தொல்லை என்று பேச ஆரம்பித்தால் அது எங்கே போய் நிற்கும் என்று பயமாக இருக்கிறது. முருகன் ஏறி வரும் பறவை அது. விராலிமலைக்குப் போனால் படியெல்லாம் மயில், யாரும் கல்லெடுத்து எறிவதில்லை. குளிரில் நடுங்குகிறதோ என்று போர்வையைக் கொடுத்த பேகன் ஆண்டது பழனிமலைப் பக்கம், உங்கள் ஊரிலிருந்து எவ்வளவு தூரம்? அந்த மண்ணில் இருந்துகொண்டு அட்டவணையை மாற்று என்று கேட்பது எனக்கு ஒப்பவில்லை.

மானாவாரி:
தம்பி, பேகன் கொடுத்தது தன் தோளில் கிடந்த போர்வையை. இங்கே மயிலுக்குக் கொடுப்பது என் விதைக்கடலை, பெருமை மட்டும் எல்லாருக்கும். நானும் வருஷா வருஷம் பழனிக்குப் பாதயாத்திரை போகிறவன்தான். கொல்லணும் என்று எங்கேயும் சொல்லவில்லை.

புல்வெளி:
என் கருத்து வேறு. அப்போதே கானமயிலைத்தான் (பெயரில்தான் மயில், இது புல்வெளியில் வாழும் வேறொரு பெரிய பறவை) தேசியப் பறவையாக்கணும் என்று பறவையியலாளர் சாலிம் அலி வாதாடினார். மயில் எல்லாருக்கும் தெரிந்தது, நாடு முழுக்க இருப்பது, கதையிலும் கோயிலிலும் இருப்பது என்று அதைத் தேர்ந்தெடுத்தார்கள். இன்று கானமயில் இருநூறுகூடக் கிடையாது, பெரும்பாலும் ராஜஸ்தானில் மின்கம்பியில் மோதிச் சாகிறது. பட்டம் அதற்குப் போயிருந்தால் புல்வெளியைத் தரிசு நிலம் என்று எழுதிக் கைமாற்றுவதாவது குறைந்திருக்கும். பெருகுகிற பறவைக்குப் பட்டம் எதற்கு?

வேலன்துணை:
தேசியப் பறவை என்பது அழிவைத் தடுக்கும் மருந்து இல்லையே. ஒரு நாட்டு மக்கள் மனதில் எது இருக்கிறது என்பதற்கு அடையாளம் அது. கானமயிலைக் காப்பாற்ற வேண்டியதுதான், அதற்காக மயிலின் இடத்தைப் பறிக்க வேண்டாம்.

கூர்நோக்கி:
இங்கே இரண்டு விஷயம் கலந்துபோகிறது. தேசியப் பறவை என்பது 1963. சட்டப் பாதுகாப்பு 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வந்தது. முதல் அட்டவணை உயிரைக் கொன்றால் மூன்று வருஷம் முதல் ஏழு வருஷம் வரை சிறை. இன்னொன்று, முதல் அட்டவணையில் இருக்கும் வரை எந்த உயிரையும் தீங்கு விலங்கு என்று அறிவிக்க முடியாது. 2015 கடைசியில் பீகாரில் நீலான் (நீல்காய்), 2016-ல் உத்தரகாண்டில் காட்டுப்பன்றி என்று அறிவித்தார்களே, அந்தப் பேச்சே மயிலுக்கு எழாது. அதனால் மானாவாரி கேட்பது பட்டத்தைப் பற்றி அல்ல, அட்டவணையைப் பற்றி. அதை இறக்குவதை நான் எதிர்க்கிறேன். இப்போதே விஷம் கலந்த தானியத்தைத் தூவுகிறார்கள், மயிலோடு காடையும் கௌதாரியும் சேர்ந்து சாகின்றன. தோகைக்காகக் கொல்வதும் நடக்கிறது. தானாக உதிர்ந்த தோகையை உள்நாட்டில் விற்கலாம் என்று சட்டம் விட்டிருக்கிறது, பிடுங்கியதையும் உதிர்ந்தது என்று சொல்லி விற்கிறார்கள். காம்பு அடியில் ரத்தக்கறை இருந்தால் பிடுங்கியது, அந்த நுனியை வெட்டிவிட்டால் யார் கண்டுபிடிப்பது? தடையைத் தளர்த்தினால் முதலில் லாபம் பார்ப்பது இவர்கள்தான், விவசாயி இல்லை.

பெருகியதற்குக் காரணமும் பார்க்கணும். மயில் தரையில் முட்டையிடும் பறவை. முட்டையையும் குஞ்சையும் தின்ன நரி இருந்தது, இப்போது ஊர்ப்பக்கம் ஊளைச் சத்தமே இல்லை. ஒளிந்துகொள்ளச் சீமைக் கருவேலம், தின்னக் கடலையும் தக்காளியும். கேரளத்தில் முன்பு இல்லாத ஊர்களில்கூட இப்போது மயில் தென்படுகிறது. வறட்சி கூடுவதற்கு அடையாளம் என்று ஆய்வாளர்கள் கவலைப்படுகிறார்கள்.

மானாவாரி:
நரி விஷயம் உண்மைதான். ஆட்டுக்குட்டியைத் தூக்குகிறது என்று எங்கள் ஆட்களே விஷம் வைத்தார்கள், நான் சின்னப் பையனாக இருந்தபோது பார்த்திருக்கிறேன். சரி, அட்டவணையில் கை வைக்க வேண்டாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். யானை மிதித்தால் கொடுக்கிற மாதிரி மயில் கிளறினாலும் ஏக்கர் கணக்குப் போட்டு நிவாரணம் கொடுக்கட்டும். அதுவும் மறு விதைப்புக்கு முன்னாடி. விதைக்கும் பருவம் தப்பிய பிறகு வருகிற பணத்தில் கடலை முளைக்காது.

வேலன்துணை:
இதற்கு நானும் உங்கள் பக்கம்தான் அண்ணா. மனு எழுதினால் என் பெயரையும் சேருங்கள். மறு விதைப்பு எப்போது?

மானாவாரி:
ஈரம் இருக்கிறது, வெள்ளிக்கிழமை போடுகிறேன். பழைய சேலை பன்னிரண்டு சேர்த்து வைத்திருக்கிறேன், கிழக்குக் கரை முழுக்கக் கட்டணும். முளை வரும் வரை விடியற்காலை நாலரைக்கே போய் உட்கார வேண்டியதுதான்.