புதுப்பிப்பு: பழைய ஸ்வெட்டர் போர்வை, தையல் விட்டுப்போன பிரச்சினை தீர்ந்தது

பழைய ஸ்வெட்டர்களை நடுவில் வைத்து, இருபுறமும் காட்டன் புடவை கொடுத்துப் போர்வை தைக்கும்போது தையல் விட்டு விட்டு விழுகிறது, துணியும் சுருங்குகிறது என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. போர்வை முடிந்துவிட்டது. இந்தக் கோத்தகிரி குளிரில் நாலு நாளாக அம்மா அதைத்தான் போர்த்திக்கொள்கிறார்.

முதலில் நூல் டென்ஷனை மாற்றிப் பார்த்தேன், பலனில்லை. 14ஆம் நம்பர் ஊசியை எடுத்துவிட்டு, 16இல் உருண்டை முனை ஊசி போடச் சொன்ன அக்காவின் யோசனைதான் கைகொடுத்தது. கூர்முனை ஊசி பின்னலில் சிக்கித் துணியையும் சேர்த்துத் தூக்கிவிடுகிறது. நூல் வளையம் சரியாக விழாததால், மெஷினின் அடியில் அதைப் பிடிக்கும் கொக்கி அதைத் தவறவிடுகிறது. ஊசி மாற்றியபின் ஒரு தையல்கூட விடவில்லை.

சுருக்கத்துக்கு இரண்டு வேலை செய்தேன். நடுவிலிருந்து ஓரம் நோக்கி, நான்கு விரல் இடைவெளியில் கையால் ஓட்டுத்தையல் போட்டேன். அப்புறம் மெஷின் பாதத்தின் அழுத்தத் திருகைக் கொஞ்சம் தளர்த்தினேன்.

எதிர்பாராதது ஒன்று. வெட்டிய ஓரம் பிரியாமலிருக்க ஸ்வெட்டரை வெந்நீரில் கசக்கித் துவைக்கச் சொன்னீர்கள். கம்பளி நூல் ஸ்வெட்டர்கள் நன்றாக இறுகின. பிள்ளைகளின் பள்ளி ஸ்வெட்டர் இரண்டும் அப்படியே இருந்தன, அவை அக்ரிலிக் என்னும் செயற்கை நூல். அக்ரிலிக் இறுகவே இறுகாது. அவற்றின் ஓரத்துக்கு ஜிக்ஜாக் போட்டுத்தான் காப்பாற்றினேன். வெட்டும் முன்பே லேபிளைப் பார்த்துவிடுங்கள்.