அயர்ன் பாக்ஸை தானா ஆஃப் பண்ற பிளக் டைமர்: எந்த டைப் வாங்கணும்?

கயல்விழி_2

எல்லாருக்கும் வணக்கம். அம்மாவுக்கு இப்போ ஞாபக மறதி கொஞ்சம் அதிகமாயிடுச்சு. துணி தேய்க்கறத மட்டும் யாருக்கும் விட்டுக் கொடுக்க மாட்டேங்கறாங்க, அது அவங்களுக்குப் பிடிச்ச வேலை, அதை நிறுத்தச் சொல்ல எனக்கு மனசு வரல. ஆனா தேய்ச்சிட்டு இருக்கும்போதே யாராவது கூப்பிட்டா அப்படியே போயிடறாங்க, ஸ்விட்ச் ஆன்லயே இருக்கு. அடிக்கடி நடக்குது.

அதனால சுவர்ல இருக்கற சாக்கெட்டுக்கும் அயர்ன் பாக்ஸ் பிளக்குக்கும் நடுவுல சொருகற மாதிரி ஒரு டைமர் தேடறேன். அவங்க ஆன் பண்ணினா அரை மணியோ முக்கால் மணியோ கழிச்சு தானா கரண்ட் கட் ஆயிடணும், அவ்ளோதான். திரும்ப தானா ஆன் ஆகவே கூடாது. ஆன்லைன்ல தேடினா எல்லாமே "காலைல 6 மணிக்கு ஆன், 8 மணிக்கு ஆஃப்" மாதிரி டைமரா தான் வருது, அம்மா நேரம் பாத்தா தேய்க்கறாங்க, எப்போ தோணுதோ அப்போதான். எனக்கு வேண்டியதுக்குப் பேரு என்ன, என்னன்னு போட்டுத் தேடணும்? அயர்ன் பாக்ஸ் சூடு ஆகற பொருள், அதுக்கு இந்த சின்ன டைமர் எல்லாம் தாங்குமா? நடுவுல கரண்ட் போயிட்டு வந்தா என்ன ஆகும்? தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ். ஸ்மார்ட் பிளக்கும் ஓகேதான், ஆனா அம்மா கைல ஸ்மார்ட்போன் கிடையாது.

வயரிங்_அண்ணன்

கயல்விழி மேடம், நீங்க தேட வேண்டியது "கவுண்ட்டவுன் டைமர்". நீங்க பாத்ததெல்லாம் 24 மணி நேர டைமர், அது வேற ஜாதி. அதுல வட்டமா ஒரு டயல் இருக்கும், ஓரம் சுத்தி சின்ன சின்ன பின் இருக்கும், 96 பின் இருந்தா ஒண்ணு 15 நிமிஷம், 48 இருந்தா ஒண்ணு அரை மணி. எந்த பின்னை அழுத்தறோமோ அந்த நேரத்துல ஆன், மீதி நேரம் ஆஃப். தினமும் ஒரே நேரத்துல எரிய வேண்டிய லைட்டுக்கு அது நல்லா இருக்கும். உங்க அம்மா நேரம் காலம் இல்லாம தேய்க்கறவங்க, அவங்களுக்கு சுத்தமா செட் ஆகாது. இன்னொண்ணும் சொல்றேன், அது அடுத்த நாள் அதே நேரத்துக்கு தானாவே ஆன் ஆகும், அயர்ன் பாக்ஸுக்கு அது ஆபத்து. கரண்ட் போனா உள்ள இருக்கற மோட்டாரும் நின்னுடும், கடிகாரம் அவ்ளோ நேரம் பின்தங்கிடும், அதனால ஆஃப் ஆக வேண்டிய நேரமும் தள்ளிப் போகும். பக்கவாட்டுல ஒரு குட்டி ஸ்விட்ச் வேற இருக்கும், அதை ஒரு பக்கம் தள்ளினா டைமரே வேலை செய்யாது, எப்பவும் ஆன்தான், தெரியாம கை பட்டாலே போச்சு.

கவுண்ட்டவுன்ல ரெண்டு விதம் இருக்கு. ஒண்ணு ஸ்பிரிங் வச்சது, குமிழை திருகி விட்டா டிக் டிக்னு திரும்பி வந்து பூஜ்யத்துல டப்புனு கட் ஆகும். இன்னொண்ணு பட்டன் வச்சது, அழுத்தினா அரை மணி, ஒரு மணி, ரெண்டு மணினு லைட் எரியும், நேரம் முடிஞ்சா உள்ள இருக்கற ரிலே, அதாவது கரண்ட்ல தானா இயங்கற ஸ்விட்ச், கட் பண்ணிடும். ரெண்டுமே முடிஞ்சப்புறம் ஆள் வந்து தொட்டாதான் திரும்ப ஆன் ஆகும், நீங்க கேக்கறது அதுதானே.

தாங்குமானு கேட்டீங்க. முதல்ல அயர்ன் பாக்ஸ் மேல ஒட்டியிருக்கற தகட்டுல எத்தனை வாட்னு பாருங்க. வாட்டை வோல்ட்டால வகுத்தா ஆம்பியர். 230 வோல்ட் இருக்கற இடத்துல 1000 வாட் சாதா பெட்டி 4.5 ஆம்பியர் கூட இழுக்காது, ஆனா 2400 வாட் ஸ்டீம் பெட்டி 10 ஆம்பியரைத் தாண்டிடும். 120 வோல்ட் இருக்கற இடத்துல 1500 வாட்டுக்கே 12.5 வந்துடும். அதனால டைமர் மேல போட்டிருக்கற ஆம்பியர் இதைவிட நல்லா அதிகமா இருக்கணும், அந்த அளவு வரைக்கும் போய் ஒட்டி நிக்கக் கூடாது. சில டைமர்ல 16(2)A னு எழுதியிருக்கும், அதுல முதல் எண் ஹீட்டர், அயர்ன் பாக்ஸ் மாதிரி வெறும் சூடு பண்ற சாமானுக்கு, அடைப்புக்குள்ள இருக்கறது மோட்டார் மாதிரி சாமானுக்கு. மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது வழக்கமா இழுக்கறத விட பல மடங்கு இழுக்கும், அதனால அதுக்கு ரொம்ப கம்மியா கொடுத்திருப்பாங்க. உங்களுக்கு முதல் எண்தான் கணக்கு.

எர்த் பின் கண்டிப்பா இருக்கணும், மூணு பின்னும் அந்தப் பக்கம் போய் சேரணும். அயர்ன் பாக்ஸ் அடித்தட்டு உலோகம், அதுல எர்த் இல்லாம பயன்படுத்தவே கூடாது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல டைமர், அதுல அயர்ன் பாக்ஸ்னு அடுக்கடுக்கா சொருகாதீங்க, நேரா சுவர் சாக்கெட்லயே சொருகுங்க.

பாட்டியின்_பேத்தி

அக்கா, எங்க பாட்டிக்கும் இதே விஷயம்தான், அதனால சொல்றேன். பட்டன் டைமர் வாங்கும்போது பட்டன் பெருசா இருக்கா, ஒரே பட்டனா இருக்கானு பாருங்க. டிஜிட்டல் டைமர்னு ஒண்ணு வரும், சின்ன திரை, கீழ ஏழெட்டு குட்டி பட்டன், அதுலயும் கவுண்ட்டவுன் வசதி உள்ள ஒளிஞ்சிருக்கும், ஆனா வயசானவங்க கண்ணாடி போட்டுட்டு அதை அழுத்தி அழுத்தி செட் பண்ணணும், ரெண்டு நாள்ல வெறுத்துப் போய் டைமரையே பிடுங்கி வச்சுடுவாங்க, பெட்டியை நேரா சுவர்ல சொருகிடுவாங்க, அப்புறம் வாங்கினதுக்கு அர்த்தமே இல்ல. பாட்டிக்கு ஸ்பிரிங் டைப்தான் கை கொடுத்துச்சு. திருகறது கைக்குப் பழக்கமான வேலை, அந்த டிக் டிக் சத்தமே ஓடுதுனு காட்டிடும்.

இன்னொரு விஷயம் யாரும் சொல்லல. அயர்ன் பாக்ஸ்ல சின்னதா ஒரு லைட் எரியும் இல்ல, அது அணைஞ்சா பெட்டி ஆஃப் ஆயிடுச்சுனு பாட்டி நினைச்சுட்டு இருந்தாங்க. உண்மைல செட் பண்ணின சூடு வந்துட்டா தெர்மோஸ்டாட் கட் பண்ணி லைட் அணையும், அதாவது லைட் அணையும்போதுதான் பெட்டி நல்லா சூடா இருக்கு. கொஞ்சம் ஆறினதும் திரும்ப எரியும். அம்மாகிட்ட அதை ஒரு தடவை பக்கத்துல உக்காந்து காட்டுங்க, லைட் அணையறதையும் திரும்ப எரியறதையும் அவங்களே பாக்கட்டும். பாட்டி அதுக்கப்புறம் லைட்டை நம்பறதே இல்ல, பிளக்கைப் பாக்கறாங்க.

நிலைமின்னல்

ஸ்மார்ட் பிளக் பத்தி நான் சொல்றேன். அம்மாகிட்ட போன் இல்லனா பரவால்ல, பிளக் மேலயே ஒரு பட்டன் இருக்கும், அதை அழுத்தி ஆன் பண்ணிக்கலாம், நீங்க உங்க போன்ல ஒரே ஒரு தடவை செட் பண்ணினா போதும். ஆப்ல "ஆட்டோ ஆஃப்" இல்லனா "இன்ச்சிங்"னு ஒரு வசதி இருக்கும், எப்ப ஆன் ஆனாலும் இத்தனை நிமிஷத்துல ஆஃப்னு சொல்லிட்டா யார் பட்டனை அழுத்தி ஆன் பண்ணினாலும் அதே கணக்குதான். வெறும் "ஷெட்யூல்" வேற, அதுல குறிச்ச நேரத்துக்குதான் வேலை செய்யும், பேரைப் பாத்து குழம்பிடாதீங்க.

ரெண்டு விஷயம் கட்டாயம் பாக்கணும். ஒண்ணு, கரண்ட் போய் வந்தா எந்த நிலைல இருக்கணும்னு ஒரு செட்டிங் இருக்கும், ஆன், ஆஃப், முன்னாடி இருந்த நிலைனு மூணு வரும், அதை ஆஃப்ல வைங்க. அயர்ன் பாக்ஸுக்கு "முன்னாடி இருந்த நிலை" வேண்டவே வேண்டாம். ரெண்டாவது, வைஃபை இல்லாதப்பவும் அந்த ஆட்டோ ஆஃப் ஓடுதானு ரவுட்டரை அணைச்சுட்டு பாத்துக்கோங்க, சில பிளக் நேரத்தை தனக்குள்ளயே எண்ணும், சிலது இன்டர்நெட்டை நம்பி இருக்கும். நெட் போச்சுனா ஆஃப் ஆகலைங்கற பிளக் இந்த வேலைக்கு உதவாது. சில மாடல்ல எத்தனை வாட் ஓடுதுனும் காட்டும், நீங்க வெளியூர்ல இருந்தா கூட ஓடுதா நின்னுச்சானு தெரியும், எனக்கு அதுதான் பெரிய நிம்மதி. ஆம்பியர் விஷயம் அண்ணன் சொன்னதேதான், ஸ்மார்ட் பிளக்ல 10 ஆம்பியரும் இருக்கு 16ம் இருக்கு, பாக்க ரெண்டும் ஒண்ணு மாதிரியே இருக்கும்.

கயல்விழி_2

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்ளோ விவரம் எதிர்பாக்கல. அந்த லைட் விஷயம் சரியா இருக்கு பேத்தி, அம்மாவும் "லைட் அணைஞ்சிருச்சே"ன்னுதான் சொல்லுவாங்க! எங்க பெட்டி 1000 வாட், தகட்டைப் பாத்துட்டேன். இன்னும் ரெண்டு சந்தேகம். ஸ்பிரிங் டைமர் ஓடும்போது கரண்ட் போயிட்டா என்ன ஆகும்? டைமரே கெட்டுப் போய் ஆஃப் ஆகாம நின்னுடுமா?

வயரிங்_அண்ணன்

ஸ்பிரிங் டைமருக்கு ஓட கரண்ட் வேண்டாம், நீங்க திருகினதுல வந்த முறுக்குதான் ஓட்டுது. கரண்ட் இல்லாதப்பவும் அது இறங்கிட்டே இருக்கும், கரண்ட் திரும்ப வர்றதுக்குள்ள நேரம் முடிஞ்சிருந்தா பெட்டி சூடாகாது, முடியலனா மீதி இருக்கற நிமிஷத்துக்கு மட்டும் ஓடி நின்னுடும். எப்படிப் பாத்தாலும் நீங்க திருகின நேரத்தைத் தாண்டாது, அதனாலதான் எனக்கு இந்த வேலைக்கு ஸ்பிரிங் மேல அவ்ளோ நம்பிக்கை. பட்டன் டைமர் பெரும்பாலும் கரண்ட் வந்தா ஆஃப்லயே நிக்கும், ஆனா எல்லாம் அப்படி இல்ல. வாங்கினதும் அயர்ன் பாக்ஸ் போடாம ஒரு டேபிள் லைட்டைச் சொருகி ஆன் பண்ணி, ஓடிட்டு இருக்கும்போதே சுவர் ஸ்விட்சை அணைச்சு கொஞ்ச நேரம் கழிச்சு போடுங்க. லைட் எரிஞ்சா அந்த டைமர் வேண்டாம், திருப்பிக் கொடுத்துடுங்க.

கெட்டுப் போகுமானா, போகலாம். ரிலே உள்ள இருக்கற ரெண்டு சின்ன உலோகப் பொட்டு ஒவ்வொரு தடவை கட் ஆகும்போதும் லேசா பொறி விடும், தாங்கற அளவுக்கு மேல லோடு போட்டா அந்தப் பொறில உருகி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும், அப்புறம் நேரம் முடிஞ்சாலும் கரண்ட் போயிட்டே இருக்கும். அதுக்குதான் ஆம்பியர்ல அவ்ளோ கறார். உங்க 1000 வாட் பெட்டிக்கு 16 ஆம்பியர் டைமர் போட்டா பொட்டுக்கு பாரமே தெரியாது. மாசத்துக்கு ஒரு தடவையாவது தானா கட் ஆகுதானு நீங்க நின்னு பாருங்க. தேய்ச்சு முடிச்சதும் டைமர் உடம்பையும் பிளக்கையும் தொட்டுப் பாருங்க, லேசா வெதுவெதுப்புனா பரவால்ல, கை வைக்க முடியாத அளவு சூடுனா உள்ள கான்டாக்ட் லூசு, உடனே தூக்கிப் போடுங்க.

இன்னொண்ணு. டைமர் ஆஃப்ல இருக்குனு பெட்டியைத் துடைக்கறது, ஓட்டைல இருக்கற கறையை சுரண்டறது எல்லாம் பண்ணக் கூடாது. நிறைய டைமர் ரெண்டு கம்பில ஒண்ணை மட்டும்தான் கட் பண்ணும், வயரிங் மாறி இருந்தா கரண்ட் திரும்பிப் போற நியூட்ரல் கம்பி கட் ஆகி, கரண்ட் வர்ற ஃபேஸ் கம்பி பெட்டிக்குள்ள அப்படியே நிக்கும். பிளக்கை உருவிட்டுதான் கை வைக்கணும்.

நிலைமின்னல்

அண்ணன் சொன்னதோட ஒண்ணு சேத்துக்கறேன். பெட்டியே பழசுனா, அடுத்த தடவை மாத்தும்போது தானா ஆஃப் ஆகற அயர்ன் பாக்ஸ் வாங்கிடுங்க. அசைவு இல்லாம கிடந்தா கட் ஆயிடும், படுக்க வச்சிருந்தா சுமார் 30 செகண்ட்ல, நிமித்தி வச்சிருந்தா பல மாடல்ல 8 நிமிஷத்துல. கைல எடுத்து அசைச்சா திரும்ப சூடாகும். டைமர் அரை மணி காத்திருக்கும், துணி மேல படுத்துக் கிடக்கற பெட்டிக்கு அரை மணி ரொம்ப அதிகம், துணி கருக அவ்ளோ நேரம் வேண்டாம். அதனால டைமர் இருந்தாலும் பெட்டியை நிமித்தி வைக்கற பழக்கம் மட்டும் அம்மாகிட்ட விடாம சொல்லுங்க.

அப்புறம் இதைப் படிக்கற மத்தவங்களுக்கு, பிளக் டைமரை ரூம் ஹீட்டருக்குப் போடலாமானு யாராவது கேட்டா, முதல்ல ஹீட்டர் கூட வந்த புத்தகத்தைப் பாருங்க, தானா ஆன் பண்ற டைமரோட சேத்து பயன்படுத்தாதீங்கனு அதுல எச்சரிக்கை இருக்கும், ஆள் இல்லாதப்ப மேல துணி விழுந்து கிடந்து அது ஆன் ஆனா தீப் பிடிக்கும். புரொஜெக்டர் மாதிரி ஆஃப் பண்ணினப்புறமும் ஃபேன் ஓடி சூடு தணியற சாமானையும் டைமர்ல சடார்னு கட் பண்ணக் கூடாது.

கயல்விழி_2

முடிவு பண்ணிட்டேன், எர்த் பின்னோட 16 ஆம்பியர் ஸ்பிரிங் டைமர்தான். பெட்டி மாத்தும்போது ஆட்டோ ஆஃப் மாடல். தேய்ச்சுட்டு இருக்கும்போதே நேரம் முடிஞ்சா அம்மா கோவப்படுவாங்களோனு மட்டும் யோசனையா இருக்கு.

பாட்டியின்_பேத்தி

அது ஒண்ணும் பிரச்சனை இல்ல அக்கா. பூஜ்யம் வர்றதுக்கு முன்னாடியே திரும்ப திருகி விட்டா கட் ஆகாமலே நீளும், நடுவுல கட் ஆனாலும் பெட்டில சூடு இருக்கும், ஒரு சட்டைக் கையாவது அந்த சூட்லயே தேய்ச்சிடலாம். ஒண்ணு மட்டும் பாத்து வாங்குங்க, சில ஸ்பிரிங் டைமர்ல குமிழ்ல ஒரு பக்கம் "ஹோல்டு"னு எழுதியிருக்கும், அங்க கொண்டு போய் வச்சா நேரம் ஓடாது, ஆஃப் ஆகாம ஆன்லயே நிக்கும். அது இல்லாத மாடலா கேட்டு வாங்குங்க.