ஸ்மைலா, காண்டூரா லேசிக்கா? சிலிண்டர் 1.75 இருந்தா எது சரி?

கேட்டவர்: வைகைக்கரை

தம்பிக்குக் கண்ணாடியைக் கழட்ட லேசர் ஆபரேஷன் பாக்கறோம். வயசு 24. வலது கண் −5.00, சிலிண்டர் (கருவிழி ஒரு திசையில கூடுதலா வளைஞ்சிருக்கறதுக்கான பவர்) −1.75, ஆக்சிஸ் (அந்த சிலிண்டர் நிக்கற கோணம்) 180. இடது −4.75, சிலிண்டர் −1.50, ஆக்சிஸ் 5. ரெண்டு வருஷமா பவர் ஏறலை. கருவிழி தடிமன் 528, 531 மைக்ரான். ஒரு இடத்துல "ஸ்மைல் பண்ணுங்க, ஃபிளாப்பே கிடையாது"ங்கறாங்க. இன்னொரு இடத்துல "சிலிண்டர் இருக்கு, காண்டூரா லேசிக் போங்க"ங்கறாங்க. ஃபிளாப் திறக்காம பவரை எப்படி எடுக்கறாங்க? இந்தத் தடிமன் போதுமா? சிலிண்டருக்கு ஸ்மைல் சரிவராதா?

பதில்: கண்ணாடிக்கடை மாமா

காண்டூராங்கறது கருவிழி மேடுபள்ளத்தை அளந்து பண்ற லேசிக்தான். லேசிக்ல கருவிழியோட மேல் படலத்தை வெட்டி, அந்த ஃபிளாப்பை மூடி மாதிரித் தூக்கி, அடியில எக்ஸைமர் லேசரால திசுவை ஆவியாக்கறாங்க. ஃபிளாப் ஓரத்து வெட்டு சுமார் 20 மி.மீ. ஸ்மைல்ல எக்ஸைமரே கிடையாது. ஃபெம்டோ லேசர் கருவிழிக்குள்ளேயே நுண்ணிய குமிழிகளை வரிசையா வச்சு, மேலே ஒண்ணு கீழே ஒண்ணுன்னு ரெண்டு தளம் வெட்டும். நடுவுல நிக்கற மெல்லிய வில்லைதான் லென்டிக்யூல். பவர் எவ்வளவோ அவ்வளவு தடிமன் அதுக்கு. 2 முதல் 4 மி.மீ. கீறல் வழியா அதை இழுத்து எடுத்துடுவாங்க. கண்ணுக்கு 30 செகண்ட் அளவுக்கு லேசர், மீதி எல்லாம் டாக்டர் கைவேலை.

இப்ப கணக்கு. திருத்தற வட்டம் (ஜோன்) 6.5 மி.மீ.ன்னா ஒரு டயாப்டர் பவருக்குத் தோராயமா 14 மைக்ரான். வலது கண்ணுல பவர் அதிகமா இருக்கற திசையில (மெரிடியன்) 5.00 + 1.75 = 6.75. அதுக்கு 95 மைக்ரான். லென்டிக்யூல் ஓரம் கிழியாம இருக்க 15 மைக்ரான் கூடுதலா வைப்பாங்க. ஆக 110. லென்டிக்யூலுக்கு மேல நிக்கற மூடி 120. 528ல 230 போனா அடியில 298 நிக்கும். 250க்குக் கீழே போகவே கூடாது, 280க்கு மேல இருந்தா நிம்மதி. நோமோகிராம் (டாக்டர் தன் அனுபவத்தை வச்சு பவர்ல பண்ற திருத்தம்) சேர்த்தா லென்டிக்யூல் இன்னும் கொஞ்சம் தடிக்கும். அதனால மெஷின் காட்டற எண்ணைக் கேட்டு வாங்கிக்கோங்க.

ஆனா தடிமன் மட்டும் பார்த்து முடிவு பண்ணாதீங்க. பெண்டாகாம்ங்கறது கருவிழி வடிவத்தை அளக்கற ஸ்கேன். "பெண்டாகாம் நார்மல்"ங்கறது போதாது. அந்தத் தாள்ல பெலின்-ஆம்ப்ரோசியோங்கற பகுதியில, கருவிழி பலவீனத்தைக் காட்டற "டி" மதிப்பு இருக்கும். 1.6 தாண்டினா சந்தேகம், 2.6 தாண்டினா சிவப்பு. தம்பி கண்ணைக் கசக்கற ஆளா? வீட்டுல யாருக்காவது கெரட்டோகோனஸ் (கருவிழி மெலிஞ்சு கூம்பா பிதுங்கற நோய்) உண்டா? ரெண்டுல ஒண்ணுக்கு ஆமாம்னாலும் டாக்டர்கிட்ட முதல்லயே சொல்லிடுங்க. கீறல் சின்னதுங்கறதால பலவீனமான கருவிழி பலமாகிடாது.

பதில்: ஆக்சிஸ்180

சிலிண்டர் விஷயத்தில் இரண்டு இடத்தினரும் பாதி உண்மைதான் சொல்லியிருக்கிறார்கள். 2016இல் அமெரிக்காவின் மருத்துவக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ ஸ்மைலை அனுமதித்தபோது சிலிண்டர் 0.50க்குள் இருக்க வேண்டியிருந்தது. 2018இல் 3.00 வரை நீட்டித்தார்கள். ஆக 1.75 எல்லைக்குள்தான். சிக்கல் பவரில் இல்லை, ஆக்சிஸில்.

உட்கார்ந்திருக்கும்போது 180இல் இருக்கும் ஆக்சிஸ், படுத்தால் சில டிகிரி திரும்பும். சிலருக்கு 10 டிகிரி கூட. 5 டிகிரி தப்பினால் 17 சதவீதமும், 10 டிகிரிக்கு 35 சதவீதமும் சிலிண்டர் மிஞ்சும். 1.75இல் 35 சதவீதம் என்றால் 0.6. இரவில் எதிரே வரும் வண்டி விளக்கு இழுத்துத் தெரிய அது போதும். 30 டிகிரி தப்பினால் முழு சிலிண்டரும் வேறு ஆக்சிஸில் அப்படியே நிற்கும்.

எக்ஸைமர் மெஷின்களில் இந்தச் சுழற்சியைத் தானாகத் திருத்தும் வசதி உண்டு. ஸ்மைல் செய்யும் பழைய விசுமாக்ஸ் 500 மெஷினில் கிடையாது. அதில் செய்தால், நோயாளியை உட்காரவைத்து ஸ்லிட் லேம்ப் நுண்ணோக்கியில் பார்த்துக் கருவிழி ஓரத்தில் 0–180 புள்ளி வைத்து, சக்‌ஷன் பிடித்தபின் (கண்ணை உறிஞ்சி அசையாமல் நிறுத்தியபின்) கண்ணைத் தொடும் கண்ணாடிக் கூம்பை மெதுவாகத் திருப்பிக் கோட்டோடு சேர்க்க வேண்டும். விசுமாக்ஸ் 800இல் அதற்கு உதவி இருக்கிறது. எனவே "ஸ்மைல் செய்வீர்களா" என்று கேட்காதீர்கள். "எந்த மெஷின், புள்ளி யார் வைப்பார்கள், எப்போது" என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் காண்டூரா சொன்ன இடமே மேல்.

கேட்டவர்: வைகைக்கரை

ரெண்டு பேருக்கும் நன்றி. லேசர் ஓடும்போது அவன் கண்ணை அசைச்சுட்டா?

பதில்: தியேட்டர் பச்சை

சக்‌ஷன் விட்டுப்போகும், லேசர் நின்னுடும். கீழ்த்தளம் 10 சதவீதத்துக்குள்ள வெட்டியிருந்தா மறுபடி ஆரம்பிக்கலாம். அதைத் தாண்டிட்டா அதே தளத்துல திரும்ப வெட்ட மாட்டாங்க, லேசிக்குக்கோ பிஆர்கேக்கோ (ஃபிளாப் இல்லாம கருவிழி மேல்பரப்புலயே பண்ற லேசர்) மாறுவாங்க. மேல்தளம் வெட்டும்போது விட்டா பெரும்பாலும் அதை மட்டும் திரும்ப வெட்டலாம். பார்க்கச் சொல்ற பச்சை விளக்கு பாதியில மங்கி மறையும். அதைத் தேடிக் கண்ணை உருட்டறதுலதான் நிறைய பேருக்கு சக்‌ஷன் போகுது. மறைஞ்சாலும் அசையாம நேரா பார்க்கணும்னு தம்பிக்கு முன்னாடியே சொல்லி வைங்க.

இன்னொண்ணு, கண்ணாடிக் கூம்புக்கும் கண்ணுக்கும் நடுவுல இமை எண்ணெயோ தூசியோ மாட்டினா அந்த இடத்துல லேசர் சரியா வெட்டாது. கருப்புப் புள்ளியா தெரியும், பிரிக்கும்போது கிழியும். பிரிக்கறதுல முதல்ல மேல்தளம், அப்புறம் கீழ்த்தளம். மாறிப்போனா லென்டிக்யூல் மூடியோட ஒட்டிக்கும், தேடி எடுக்கறது பெரும்பாடு. அதான் எடுத்த வில்லையை விரிச்சு வச்சு ஓரம் முழுசா இருக்கான்னு பார்ப்பாங்க. துண்டு உள்ளே தங்கினா கோணலான சிலிண்டர் வரும்.

லேசிக் மாதிரி மறுநாளே பளிச்னு தெரியாது. சில நாள் பனி மூட்டமா இருக்கலாம், பயப்பட வேண்டாம். ஆன்டிபயாட்டிக் சொட்டு வழக்கமா ஒரு வாரம், ஸ்டீராய்டு சில வாரம் குறைச்சுக் குறைச்சு. ஸ்டீராய்டை நீங்களா நீட்டிக்காதீங்க, கண் அழுத்தம் ஏறும். உலர்வு லேசிக்கை விடக் குறைவு, ஆனா இல்லாம இருக்காது. வலி கூடினாலோ பார்வை திடீர்னு மங்கினாலோ அன்னைக்கே போய்க் காட்டணும்.

பதில்: கண்ணாடிக்கடை மாமா

விட்டுப்போனது ரெண்டு. தம்பி சாஃப்ட் டோரிக் (சிலிண்டருக்கான) கான்டாக்ட் லென்ஸ் போடறார்னா அளவு எடுக்கறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடியே நிறுத்தணும், செமிசாஃப்ட்னா குறைஞ்சது மூணு நாலு வாரம். இல்லேன்னா கருவிழி வடிவம் பொய் சொல்லும், சிலிண்டர் கணக்கு முதல்லயே தப்பும். அப்புறம் கண் பாப்பாவைச் சொட்டு விட்டு விரிச்சு விழித்திரை ஓரம் பார்த்தாங்களான்னு கேளுங்க. கண்ணாடி போனாலும் மைனஸ் பவர் கண்ணோட கூடுதல் நீளம் குறையறதில்ல, விழித்திரை கிழியற அபாயம் அப்படியேதான் இருக்கும்.

ஆபரேஷனுக்கு முந்தின பெண்டாகாம், பவர் சீட்டு எல்லாத்தையும் பத்திரமா வைங்க. வயசான காலத்துல கண்புரை லென்ஸ் பவர் கணக்குப் போட அதைத்தான் கேப்பாங்க.

பதில்: ஆக்சிஸ்180

அந்த "டி" மதிப்பு கிடைத்ததும் இங்கே போடுங்கள், இரண்டு கண்ணுக்கும்.